காய்ச்சல் வார்டில் வாசித்த குழம்பு

போன மாதம் நர்சிங் பள்ளியிலிருந்து சில பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆண்டு மலரில் போட ஒரு பழைய நர்ஸின் அனுபவம் வேண்டுமாம். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். அவர்களில் கொஞ்சம் துடுக்கான ஒருத்தி, "உங்க காலத்துல டைஃபாய்டுக்கு மருந்தே கிடையாதாமே மேடம், நோயாளிக்கு என்னதான் குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"பருப்பு உருண்டைக் குழம்பு குடுத்தோம்" என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் டைஃபாய்டுக்காரருக்கு ஒரு பருக்கைச் சோறுகூடக் கொடுக்க மாட்டார்கள் என்று அவர்கள் படித்திருக்கிறார்கள். "வாயில இல்லடி, காதுல" என்று விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் பார்த்த பார்வையில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்கள். காப்பியை மட்டும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். என் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்டுவதற்காகவாவது நடந்ததை முழுக்க எழுதிவிடுகிறேன். மலரில் இடமில்லை என்று யாராவது இதை வெட்டினால் அவர்களோடு நான் பேச மாட்டேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அரூர்ப் பக்கத்துப் பெண் நான். எட்டாவது முடித்ததும், உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று பேசப் பேச, அப்பா என்னை நர்ஸ் வேலை கற்க சேலத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே பெட்பான் கழுவினேன், சுருக்கம் இல்லாமல் படுக்கை விரிக்கக் கற்றுக்கொண்டேன், அழுதேன், மறுபடி பெட்பான் கழுவினேன். யுத்தம் ஆரம்பித்த சமயம் தருமபுரியில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. அந்த ஆஸ்பத்திரியும் இப்போது இல்லை.

அங்கே எங்களுக்குத் தலைமை நர்ஸ் எஸ்தரம்மா. திருநெல்வேலிச் சீமைக்காரர். எங்கள் ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் மாறவே இல்லை. நெடுநெடுவென்று உயரம். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வார்டில் நடப்பார். செருப்புச் சத்தம் கேட்காது, அதனால் எப்போது நம் முதுகுக்குப் பின்னால் நிற்பார் என்று தெரியாது. நோயாளியின் முகத்தை முதலில் பார்க்க மாட்டார், நாக்கைத்தான் பார்ப்பார். பிறகு விரிப்பை உள்ளங்கையால் தடவுவார். கடைசியில் தலையணைக்கு அடியில் கையை விடுவார். உறவுக்காரர்கள் ஒளித்துவைத்த முறுக்கும் வாழைப்பழமும் அங்கேயிருந்து வெளியே வரும். சத்தம் போட மாட்டார். கொண்டுவந்த ஆளிடமே அதைக் கொடுத்து, "நீரே தின்னும் ஐயா, நான் பாக்கேன்" என்பார். நோயாளி பார்த்துக்கொண்டிருக்க அந்த வாழைப்பழத்தைத் தின்று முடித்த ஆள் மறுபடி எதையும் ஒளித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஊரில் டைஃபாய்டுக்கு விஷக் காய்ச்சல் என்று பெயர். ஏறிய காய்ச்சல் வாரக்கணக்கில் இறங்காது. மருந்து என்று எங்கள் கையில் ஒன்றும் கிடையாது, ஆளைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். ஈரத் துணியால் உடம்பைத் துடைப்போம். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து ஸ்பிரிட் தடவுவோம். நாக்கு வறண்டு பழுப்பாகப் பொருக்குத் தட்டிப்போயிருக்கும். விரலில் துணி சுற்றி, கிளிசரினில் போராக்ஸ் கலந்து தொட்டு, நோகாமல் துடைக்க வேண்டும். பார்லித் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், பாலைத் திரியவைத்து வடித்த தெளிவு, இவைதான் ஆகாரம். மூக்கு வைத்த பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி மடக்கு மடக்காக வாயில் விடுவோம்.

காய்ச்சல் இறங்கும்போதுதான் உண்மையான கண்டம். காய்ச்சல் விட்டதும் பசி வரும். அதைப் பசி என்று சொல்வதே போதாது. வாரக்கணக்கில் காய்ந்த உடம்பு மொத்தமாகச் சேர்ந்து கேட்கும். ஆனால் குடலில் புண் ஆறியிருக்காது. நனைந்த காகிதம் மாதிரி மெலிந்து கிடக்கும். கெட்டியாக ஒரு வாய் உள்ளே போனால் கிழிந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரருக்கு அவர் அம்மா முந்தானையில் மறைத்து ஒரே ஒரு இட்லி கொண்டுவந்து ஊட்டிவிட்டார். மறுநாள் வயிறு பலகையாக விறைத்துக்கொண்டது. அதற்கு அடுத்த நாள் அவர் இல்லை. அந்த அம்மா அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் எஸ்தரம்மா காய்ச்சல் வார்டுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். அங்கே சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. "சாப்டீங்களா" என்று நர்சுகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளக்கூடக் கூடாது. புளியோதரை சாப்பிட்டிருந்தால் வாயைக் கொப்பளித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். "இங்கே நாக்கைக் கட்டணும்ட்டி. அவங்க நாக்கை இல்ல, ஒன் நாக்கை" என்பார்.

எனக்கு அது பெரிய தண்டனை. ஏனென்றால் அந்த வருஷங்களில் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒருவர் எங்களிடம் வைத்தியம் பார்த்துக் குணமாகிப் போகும்போது, பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றை விட்டுப்போனார். பாதி இதழ்களுக்கு அட்டை இல்லை. சிலவற்றைக் கரையான் தின்றிருந்தது. அவற்றில் ஒருவர் சாப்பாட்டைப் பற்றி எழுதிவந்தார். பெயர் கிடையாது. கட்டுரைக்கு அடியில் மூன்று நட்சத்திரங்கள் மட்டும் இருக்கும்.

அந்த மனுஷர் எழுதியதைப் படித்த பிறகுதான் சாப்பாடு என்பது படிக்கவும் கூடிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது. சமையல் குறிப்பு எழுத மாட்டார். ருசி என்ற வார்த்தையையே போட மாட்டார், ருசியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதுவார். மாங்காய் ஊறுகாய் என்றால், ஜாடியின் வாயில் கட்டிய துணியை அவிழ்க்கிற பெரியம்மா வருவார். "கை ஈரத்தோட கிட்ட வராதே" என்று யாரையாவது அதட்டுவார். துணியின் முடிச்சில் எண்ணெய் ஏறியிருக்கும், முடிச்சு அவிழாது, பல்லால் கடித்து இழுப்பார். மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் முட்டும். அத்தோடு கட்டுரை முடிந்துவிடும். ஊறுகாயை யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். படித்த எனக்கோ தாடை ஓரத்தில் சுளீரென்று இழுக்கும்.

யுத்தத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு. எங்கள் நர்சுகள் விடுதியில் கோதுமையைச் சோறு மாதிரி வேகவைத்துப் போடுவார்கள். கோதுமையை என்ன செய்வதென்று அப்போது எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. அதன்மேல் தண்ணீராக ஒரு பருப்பு. தட்டுக்கு எதிரே பத்திரிகையைச் சாய்த்துவைத்து, மூன்று நட்சத்திரக்காரரைப் படித்துக்கொண்டே சாப்பிடுவேன். "இல்லாத நேரத்துல இதைப் படிச்சா வயித்தெரிச்சலா இருக்காதா?" என்று கூட இருந்தவர்கள் கேட்பார்கள். சத்தியமாக இருக்காது. ஒரு கவளத்தை இவ்வளவு மதித்து ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று, தட்டில் கிடக்கிற கோதுமையின் மேலேயே எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிடும். அந்த வருஷங்களில் நான் இளைக்காமல் இருந்ததற்கு அவர்தான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

பச்சையம்மா அந்தச் சமயத்தில்தான் வந்தாள். பென்னாகரம் போகிற வழியில் ஒரு கிராமம். கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற குடும்பம். கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. புருஷன் மாதையன் கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி, அதில் அவளைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். அத்தை மகளையே கட்டியவன். ஆள் பாறை மாதிரி இருப்பான், பத்து வார்த்தை பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை பேசுவான். பச்சையம்மாவுக்கு நேர் எதிரான குணம். காய்ச்சலில் பிதற்றும்போதுகூட மாட்டையும் மாமியாரையும் திட்டிக்கொண்டிருந்தாள்.

எப்படியோ அவளைக் கரை சேர்த்துக்கொண்டுவந்தோம். காய்ச்சல் இறங்கத் தொடங்கிய ஒரு மத்தியானம், எல்லாரும் தூங்குகிறார்கள் என்று நினைத்து நான் வார்டு மூலையில் உட்கார்ந்து பத்திரிகைக் கட்டைப் பிரித்தேன். ஏதோ ஒரு வரியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"என்னட்டி படிக்கே?"

எஸ்தரம்மா பின்னால் நின்றார். வாங்கிப் பார்த்தார். விஷ மருந்துப் பாட்டில்களைப் பூட்டிவைக்கிற அலமாரியைத் திறந்து, கட்டு முழுவதையும் அதற்குள் வைத்துப் பூட்டினார். "இந்த வார்டுல இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்றார். சாவி அவர் இடுப்புக்குப் போய்விட்டது. பச்சையம்மா கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரண்டொரு நாளில் அவளுக்குப் பசி வந்தது. டாக்டர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர். மாதையனைக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "கடிச்சு மென்னு தின்கிற எதையும் கொடுத்துடாதேப்பா. குடல் கிழிஞ்சிடும். புரியறதா?" மாதையன் தலையைத் தலையை ஆட்டினான்.

மறுநாள் வந்தான். எதையும் ஒளிக்கவில்லை. பித்தளைத் தூக்கு ஒன்றை எல்லாரும் பார்க்கும்படி கையில் தூக்கிக்கொண்டு, நேராகக் கட்டிலை நோக்கி நடந்தான். எஸ்தரம்மா மறித்து மூடியைத் திறந்தார். உள்ளே சூடு ஆறாத ஒரு கேழ்வரகுக் களி உருண்டை. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் கொள்ளுக் கடைசல்.

"டாக்டர் சொன்னது காதுல விழலியா ஐயா?"

மாதையன் முகம் வாடிவிட்டது. "அவுரு சொன்னபடிதானுங்க செஞ்சேன். கடிக்கற சாமான் குடுக்கக் கூடாதுன்னாரு. களியை யாருங்க கடிப்பாங்க?"

எஸ்தரம்மா என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் களியைக் கடிக்கிறவர் கிடையாது. கிள்ளி உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே முழுங்குவோம். விருந்தாளி யாராவது களியை மென்றால், ஊருக்குப் புதுசு என்று பிள்ளைகள் கூடிநின்று சிரிக்கும். சோற்று நாட்டு டாக்டர் போட்ட தடையில் களி வரவே இல்லை என்று மாதையன் நேர்மையாக முடிவு செய்திருக்கிறான். சந்தோஷத்தில் ஊரிலிருந்து வேகவேகமாக வேறு கொண்டுவந்திருக்கிறான்.

எனக்கு வந்த சிரிப்பு அதற்குள் நின்றுவிட்டது. களி வாசனை பச்சையம்மாவின் கட்டிலை எட்டிவிட்டது. அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"குடுங்க அதை! குடுங்கன்றேன்! நான் என்னா பாவம் பண்ணினேன், பட்டினி போட்டுக் கொல்றீங்க?"

நான் ஓடிப்போய்ப் பிடித்துப் படுக்கவைத்தேன். எலும்பாக இருந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! பீங்கான் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். பால் தெளிவு முழுக்க என்மேல் கொட்டியது. குலுங்கிக் குலுங்கி அழுதாள். மாதையன் அதைப் பார்த்தான். பிறகு எஸ்தரம்மாவிடம், "நாளைக்கு வண்டி கட்டிக்கிட்டு வர்றேனுங்க. வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். சாவறதா இருந்தா வயிறு ரொம்பிச் சாவட்டும்" என்று சொல்லிவிட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

போகிறேன் என்கிறவரைக் கட்டிப்போட ஆஸ்பத்திரிக்கு அதிகாரம் கிடையாது. வண்டி வீடு சேரும், அடுப்பில் களி இருக்கும், அவள் தின்பாள், இரண்டு நாளில் முடிந்துவிடும். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். எஸ்தரம்மா கட்டில் ஓரத்தில் நின்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தார். பச்சையம்மா காதில் ஏறவில்லை. அழுது ஓய்ந்து, என் பக்கம் திரும்பினாள்.

"நர்சம்மா, அன்னிக்கு எதையோ படிச்சு சிரிச்சீங்களே, அதுல என்னா எழுதியிருந்துச்சு? சோத்தைப் பத்தித்தானே? திங்கத்தான் வுடல. காதுலயாச்சும் ஊத்துங்களேன்."

எஸ்தரம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, விஷ அலமாரியைத் திறந்து, கட்டை என் கையில் வைத்தார். "நல்லதாப் பாத்துப் படி" என்றார்.

நான் பருப்பு உருண்டைக் குழம்பை எடுத்தேன். ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. திடீரென்று விருந்தாளி வந்துவிடுகிறார். இருவரும் ஒரே அடுப்பில் ஒரே குழம்பை வைத்தாக வேண்டும். மாமியார் புளியைக் கரைத்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மருமகள் பருப்பை நெறுநெறுவென்று அரைத்து, அரைக்கிற சத்தத்திலேயே பதில் சொல்வாள். குழம்பு கொதிக்கும். வெந்தயம் வறுத்த வாசனை கூடத்துக்குப் போகும். விருந்தாளி செருமுவார். இனி உருண்டைகளை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். போட்ட உருண்டை உடைந்தால் வீட்டு மானம் போச்சு. உடைந்தால் யார்மேல் பழி என்று இரண்டு பேரும் கரண்டியைத் தொடாமல் நிற்பார்கள்.

நான் ஒன்றும் பெரிய வாசிப்புக்காரி இல்லை. ஆனால் வார்டே அடங்கிப்போயிற்று. எதிர்க் கட்டிலில் முனகிக்கொண்டிருந்த அம்மாகூட முனகலை நிறுத்திவிட்டார். பச்சையம்மாவின் தொண்டை மேலும் கீழும் போய்வந்தது. எஸ்தரம்மா குனிந்து, "நாக்கை நீட்டு தாயி" என்றார். நீட்டினாள். எத்தனை நாள் கிளிசரின் போட்டுத் துடைத்தும் வறண்டே கிடந்த நாக்கில் எச்சில் ஊறி ஓரமெல்லாம் பளபளத்தது.

"நிப்பாட்டாதட்டி" என்றார் எஸ்தரம்மா. அவரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கிண்ணத்தில் பால் தெளிவை ஊற்றிக்கொண்டார். நான் ஒரு வாக்கியம் படிப்பேன். அவர் ஒரு மடக்கு விடுவார். தட்டிவிட்ட அதே தெளிவைப் பச்சையம்மா முழுங்கிக்கொண்டே வந்தாள். கிண்ணம் காலியானதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கி எழுத்து மங்கிவிட்டது.

கதையில் மாமியார் முதல் உருண்டையைக் கையில் எடுத்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.

"அப்புறம்?" என்றாள் பச்சையம்மா.

"அப்புறம் இல்லம்மா. கிழிஞ்சுபோச்சு."

"அய்யோ, உருண்டை உடைஞ்சுதா இல்லையா?"

எதிர்க் கட்டில் அம்மாவும் தலையைத் தூக்கிப் பார்த்தார். கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே எஸ்தரம்மா சொன்னார்: "ஒடையாது. உருண்டையை ஆவியில வச்சு எடுத்துட்டுப் போட்டா ஒடையாது." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "நான் போட்டா ஒடையும்."

அவர் வாயிலிருந்து சாப்பாட்டுப் பேச்சு வந்ததை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். வார்டு முழுக்கச் சிரித்தது. பச்சையம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கத் தெம்பில்லாமல் சிரித்தாள்.

மறுநாள் மாதையன் சொன்னபடியே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான். "நான் வரல மாமா. இன்னிக்கு வேற ஒண்ணு படிக்கறேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் பச்சையம்மா.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "புஸ்தகம் சோறு போடுமா?"

"போடுது. நீ வேணா நின்னு கேட்டுப் பாரு."

நின்று கேட்டான். என்ன நினைத்தானோ, வெற்று வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு ஆகாரம் கொடுக்கும்போதெல்லாம் வாசிப்பு நடந்தது. எதைப் படித்தாலும் எடுபட்டுவிடாது என்பதையும் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் அதே பத்திரிகையில் வந்த சமையல் குறிப்பு ஒன்றைப் படித்தேன். இத்தனை கரண்டி, இத்தனை சிட்டிகை, பொன்னிறமாக வறுத்து இறக்கவும். பச்சையம்மா கொட்டாவி விட்டாள். "இது மளிகைக் கடைக்காரன் கூவறாப்புல இருக்குதுங்க. ஆளுங்க வர்றதாப் படிங்க" என்றாள். எவ்வளவு சரி! நல்ல சாப்பாட்டு எழுத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் ஆள் வந்துவிட வேண்டும். காத்திருக்கிற ஆள், கோபமாக இருக்கிற ஆள், கொஞ்சம் கூடப் போடச் சொல்லக் கூச்சப்படுகிற ஆள். யாருக்காகச் சமைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் வெறும் மோரைப் பற்றி எழுதியிருந்தால்கூட நாக்கு ஊறும்.

அவளுக்கு மூன்று நட்சத்திரக்காரர்மேல் ஒரு குறையும் இருந்தது. "எப்பப் பாரு நெய்யி, நெய்யிங்கறாரு. களியைப் பத்தி எழுதவே மாட்டாரா அந்தாளு?" கட்டு முழுக்கத் தேடினேன். எழுதவில்லை. பாவம், எந்த ஊர்க்காரரோ.

சோறு கொடுக்கலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தபோது பச்சையம்மாவுக்கு மறுபடி சூடு ஏறியது. லேசான சூடுதான், ஆனால் சோறு தள்ளிப்போயிற்று. அதைக் கேட்டதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் படித்தேன். காதைப் பொத்திக்கொண்டாள். எஸ்தரம்மா கிண்ணத்தை நீட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்று முழுக்க ஒரு மடக்கு இறங்கவில்லை. வைத்திருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போய்க்கொண்டிருந்தது. "இப்படியே போனா தாங்காதுட்டி" என்று எஸ்தரம்மா என்னிடம் சொன்னபோது அவர் குரலே மாறிப்போயிருந்தது.

மாதையன் அன்று சாயங்காலம் வந்தான். களி விவகாரத்துக்குப் பிறகு அவன் எதுவும் கொண்டுவருவதில்லை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது எங்கள் பக்கத்தில் பெரிய அவமானம். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டுதான் வார்டுக்குள் நுழைவான். விஷயத்தைச் சொன்னேன். அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் அவ்வளவு பேசியிராத அந்த மனுஷன் பேச ஆரம்பித்தான்.

"நேத்து நானே களி கிண்டினேன் புள்ள. ஆத்தா நாத்து வுடப் போயிருச்சு. தண்ணி கொதிச்சுது. அரிசி நொய்யி போட்டேன். வெந்து மேல மேல எழும்பி வந்துச்சு. மாவை நடுவுல குவிச்சுக் கொட்டினேன். நீ பண்றாப்புலதான், களித் துடுப்புக் காம்பால நடுவுல ஒரு ஓட்டை போட்டேன். புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு."

முதுகு அசையவில்லை.

"அப்புறம் சட்டியக் காலால அமுக்கிப் புடிச்சுக்கிட்டுக் கிண்டினேன். துடுப்பு சுத்தவே மாட்டேங்குது. கையெல்லாம் கொப்புளம். உள்ள பூரா கட்டி கட்டியா நிக்குது. உருட்டினா உருளல. நாலு மூலையோட வந்துச்சு. வாயில போட்டா முழுங்க முடியல. கடிச்சுத்தான் தின்னேன்."

சுவரைப் பார்த்தபடியே ஒரு குரல் வந்தது. "உப்பு?"

"மறந்துட்டேன்."

பச்சையம்மா திரும்பினாள். "ஆவி வந்தவுடனே கையை வச்சியா?"

"ஆமா."

"அட கூறு கெட்ட மாமா! பச்சை மாவு வாசனை போவணும். மொதல்ல வர்ற ஆவி மண்ணு நனைஞ்சாப்புல வரும். அது மாறி, வறுத்தாப்புல ஒரு வாசனை வரும். அப்புறந்தான் துடுப்பைத் தொடணும். உப்பு தண்ணியிலயே போடறது. ஒரு பொம்பளை படுத்துட்டா ஒரு வாய் களிக்கு வக்கில்லாத வூடு!"

அவள் திட்டத் திட்ட எஸ்தரம்மா ஒரு மடக்கு ஒரு மடக்காக விட்டுக்கொண்டே இருந்தார். திட்டுகிற மும்முரத்தில் அவள் கவனிக்கவே இல்லை. கிண்ணம் காலியாயிற்று. மாதையன் திட்டு வாங்கிக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "இவரு ஒன் மூணு நட்சத்திரத்தைவிட நல்லா சொல்லுதாரே" என்று எஸ்தரம்மா என் காதில் சொன்னார்.

அதிலிருந்து மாதையன், தான் வெறுங்கையோடு வருவதாக நினைக்கவில்லை. அன்றன்றைக்கு என்ன கிண்டினான், எங்கே கட்டி விழுந்தது, பக்கத்து வீட்டார் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று கொண்டுவருவான். நாளாக ஆக நன்றாகவே சொல்லக் கற்றுக்கொண்டான். அவரைக்காய்ப் புளிக்குழம்பை ஒரு நாள் அவன் சொல்லச் சொல்ல, நானே எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சூடு தணிந்தது. கடைசியில் ஒரு காலையில் குழையக் குழைய வேகவைத்த சோற்றைக் கரைத்து ரசம் விட்டு ஊட்டினோம். வயிறு மெத்தென்று இருந்தது. நானும் எஸ்தரம்மாவும் அவள் வயிற்றை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பிறகு எத்தனையோ வருஷம் வேலை பார்த்தேன். மாத்திரை வந்தது, ஊசி வந்தது. இன்றைக்கு டைஃபாய்டுக்காரருக்கு டாக்டரே இட்லி சாப்பிடச் சொல்கிறார். அந்த வண்டிக்காரரின் அம்மாவை நினைத்துக்கொண்டு, வந்த மருந்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மருந்து இல்லாத காலத்தில் எனக்குக் கைகொடுத்த அந்தப் பெயர் தெரியாத மனுஷருக்கு நன்றி சொல்ல இன்றுவரை வழி கிடைக்கவில்லை. அவர் எழுதிய ஊறுகாயும் குழம்பும் எங்கேயோ ஒரு காய்ச்சல் வார்டில் ஒரு உயிரைப் பிடித்து நிறுத்தின என்று அவருக்குத் தெரிந்திருக்காது. சட்டம் போட்ட கையாலேயே பூட்டைத் திறந்த எஸ்தரம்மாவுக்கும் நான் பட்ட கடன் பெரியது. இப்போதும் நல்ல சாப்பாட்டுக் கட்டுரை கண்ணில் பட்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிதானமாக உட்காருவேன். வீட்டில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன்.

பச்சையம்மா ஊருக்குப் போவதற்கு முன்னால், முதல் களியை இங்கேயே தின்ன வேண்டும் என்று எஸ்தரம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனால் முதல் நாளே எத்தனை உருண்டை உள்ளே தள்ளுவாளோ என்று அவருக்குப் பயம். டாக்டரும் சரி என்றார். எலுமிச்சங்காய் அளவுக்குமேல் கூடாது என்று உத்தரவு.

மாதையன் தானே கிண்டிக் கொண்டுவந்தான். உருண்டை ஒரு மூலை இல்லாமல் வழவழவென்று இருந்தது. டாக்டர், எஸ்தரம்மா, நான், எதிர்க் கட்டில் அம்மா, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சையம்மா கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் கிள்ளினாள், உருட்டினாள், கொள்ளுக் கடைசலில் புரட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினாள். தொண்டையில் அது இறங்குவதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

மாதையனால் பொறுக்க முடியவில்லை. "இன்னிக்கு உப்பைத் தண்ணியிலயே போட்டுட்டேன் புள்ள. ஆவியும் நீ சொன்னாப்புல ரெண்டாவது வாசனை வர்ற வரைக்கும் நின்னு பாத்தேன். மாவு கூட நம்ம மேட்டுக் காட்டு..."

"மாமா" என்றாள் பச்சையம்மா, கண்ணைத் திறக்காமல். "பேசாத இரு. திங்க வுடு."